எண்ணிக்கை சரியாக இருந்தது

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் நான் ஒரு மனிதனின் மண்டையை உடைக்கக் கல்லைத் தூக்கிவிட்டேன். கடவுளை ஒரு நிமிடம் நினைக்காமல் வீட்டுப் படி இறங்காதவள் நான். அன்றைக்கும் நினைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவனை மட்டும் கெட்டவன் என்று சொல்லிவிட்டு நான் ஒதுங்கி நின்றால் அது பாதிப் பொய். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏரியைச் சுற்றிப் போகும் பாதை பதினோரு கிலோமீட்டர். எட்டடி அகலம், வழவழவென்று தார் போட்டது. இடப்பக்கம் ஆங்காங்கே தடுப்புக் கம்பி, அதற்குக் கீழே தண்ணீர்; வலப்பக்கம் நாணலும் மரங்களும். சைக்கிளும் நடக்கிறவர்களும் தவிர வேறெதுவும் அதில் வரக்கூடாது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் முன்னால் ஓட்டிப் போவேன். பெயர் கொடுத்து வந்தவர்கள் என் பின்னால் வரிசையாக வருவார்கள். ஏழு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அப்படித் திரும்பிப் பார்த்து, கைப்பிடி ஒரு பக்கம் இழுக்க, தடுப்புக் கம்பியில் மோதித் தோள் எலும்பை உடைத்துக்கொண்டேன். அதன் பிறகு சைக்கிள் நிலையத்து முதலாளியம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் நான் இடக்கையை உயர்த்துவேன். பின்னால் வருகிறவர்கள் வரிசைப்படி ஆளுக்கு ஒரு தடவை மணி அடிக்க வேண்டும். ஏழு பேர் என்றால் ஏழு சத்தம். எண்ணி முடித்ததும் கையை இறக்கிவிட்டு மிதிப்பேன். ஏழு வருடத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. போகப் போக மனிதர்களை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் எண்ண ஆரம்பித்துவிட்டேன் என்பது எனக்கே தெரியவில்லை.

காலை ஏழரைக்குக் கொட்டகையில் ஆளுக்கேற்றபடி சைக்கிளைச் சரிசெய்யும் வேலை நடக்கும். ஒவ்வொருவரையும் சைக்கிள் பக்கத்தில் நிறுத்தி, இடுப்பு உயரத்துக்கு இருக்கையை ஏற்றி இறக்குவேன். கிரீஸ் வாசனை, ரப்பர் வாசனை, சுவரில் எண் போட்டுத் தொங்கும் ஹெல்மெட்டுகள். அன்றைக்கு ஒரே கிளையில் வேலை பார்க்கும் மூன்று பேங்க்காரர்கள் வந்திருந்தார்கள். டாக்டர் இடுப்பைக் குறைக்கச் சொன்னார் என்று பருமனான காசாளர் மற்ற இருவரையும் துணைக்கு இழுத்து வந்திருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். ஐம்பது வயதுத் தையல்காரம்மா ஒருவர். கடைசியாக, டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஒருவரும் அவர் மனைவியும்.

"மாஸ்டர்னே கூப்பிடுங்க" என்றார் அவர். "ஊர்ல பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தவன் நான். மீதிப் பாதி இடிபட்டுச் செத்துட்டாங்க."

கொட்டகையே சிரித்தது. ஆள் பார்க்கவும் லட்சணம். யார் இருக்கை ஆடினாலும் தானே வந்து திருகிக் கொடுத்தார்.

அவர் மனைவிக்கு முப்பது வயது இருக்கலாம். ஹெல்மெட் பட்டையின் கிளிப்பைப் போடத் தெரியாமல் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"தள்ளு கைய" என்று மாஸ்டர் அவள் தாடையை நிமிர்த்திக் கிளிப்பை அழுத்தினார். சட்டென்று தாடைக்குக் கீழே தோலும் சேர்ந்து அதில் மாட்டிக்கொண்டது. "ஸ்ஸ்" என்றாள். அவர் உடனே எடுக்கவில்லை. காசாளரிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதையை நிதானமாக முடித்து, எல்லோரும் சிரித்த பிறகுதான் கிளிப்பை விடுவித்தார். அவள் கழுத்தில் ரத்தம் ஒரு கோடாக இறங்கியது.

"தோல் மெல்லிசு" என்று ஹெல்மெட்டின் மேல் இரண்டு தடவை தட்டினார். "உள்ள இருக்கிறது அதைவிட மெல்லிசு."

காசாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் வாயில் கசக்கிறது. தையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

நான் மருந்துப் பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து ஒட்டினேன். "வலிக்குதாம்மா?"

"பரவாயில்லைங்க. நான்தான் அசைஞ்சுட்டேன்."

வரிசை பிரிக்கும்போது கடைசி இடத்துக்குத் தபால்காரரை நிறுத்தினேன். கடைசியில் வருகிறவருக்கு நல்ல பழக்கம் இருக்க வேண்டும்.

"அந்த இடம் எனக்குக் குடுங்க கைடம்மா" என்றார் மாஸ்டர். "பின்னாடி உட்கார்ந்து பாத்தாத்தான் யாரு தப்பு பண்றாங்கன்னு தெரியும். இவளுக்கு பிரேக்கே நான்தான்."

சரி என்றேன். மூன்று பேங்க்காரர்கள், தபால்காரர், தையல்காரம்மா, அந்தப் பெண், கடைசியில் மாஸ்டர். இப்படித்தான் கிளம்பினோம்.

முதல் கல்லில் ஏழு மணிச்சத்தம் கேட்டது. அதைத் தாண்டியதும் பின்னாலிருந்து டக், டக் என்று ரப்பரில் ரப்பர் மோதும் சத்தம்.

"என்ன சத்தம்?" என்று திரும்பாமலே கத்தினேன்.

"ஒண்ணுமில்ல! இவளுக்கு நேரா ஓட்டக் கத்துக்குடுக்கறேன்!"

தன் முன்சக்கரத்தால் அவள் பின்சக்கரத்தை இடித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒவ்வோர் இடிக்கும் அவள் தள்ளாடித் தள்ளாடி நிமிர்ந்தாள் என்று தையல்காரம்மா பிறகு சொன்னார். நான் அப்போது வாத்துக் கூட்டத்தைக் காட்டி, அது எங்கிருந்து வருகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கல்லுக்குச் சற்றுத் தள்ளித் தண்ணீருக்கு மேல் நீட்டிய ஒரு மரப்பலகை மேடை உண்டு. அங்கே ஐந்து நிமிடம் ஓய்வு. காசாளர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தபால்காரர் தன் சைக்கிளைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னார்.

"முப்பத்திரண்டு வருஷம் நாய்க்குப் பயந்து மிதிச்சேன். ரிட்டயர் ஆன மறுநாள் சும்மா நடந்து போறேன், தெரு முனை நாய் ஓடி வந்து என் பையைத் தேடுது. கடுதாசி எங்கடான்னு கேக்குது!"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொள்ள மறந்து, தோள் குலுங்கச் சிரித்தாள். தபால்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு நாய்க் கதையை எடுத்தார். அவள் தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

மாஸ்டர் அவள் சைக்கிளின் பின்சக்கரத்தருகே குனிந்திருந்தார். "காத்து சரியா இருக்கான்னு பாக்கறேன்" என்றார். நல்ல கணவன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது கல்லில் கையை உயர்த்தினேன். ஏழு மணி. நான்காவது கல்லில் உயர்த்தினேன். ஏழு மணி. கையை இறக்கி மிதித்தேன். அப்போதுதான் தையல்காரம்மாவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

"நில்லுங்க! எல்லாரும் நில்லுங்க!"

காலூன்றித் திரும்பினேன். தையல்காரம்மா சைக்கிளைப் பாதைக்குக் குறுக்கே போட்டுவிட்டு நின்றார். அவருக்குப் பின்னால் மாஸ்டர் மட்டும்தான் இருந்தார்.

"முப்பது வருஷமா மெஷின் சத்தத்துலயே உட்கார்ந்திருக்கேன்" என்றார் தையல்காரம்மா. "எனக்குப் பின்னாடி ரெண்டு மணி கேக்குது, ஆனா ஒரு வண்டிதான் ஓடுது. எங்க உங்க பொண்டாட்டி?"

"மெதுவா வர்றா. டயர்ல காத்து இறங்கிருச்சு."

"அப்ப ஆறாவது மணி யாரு அடிச்சது?"

"நான்தான். அவளுக்கும் சேத்து அடிச்சேன்." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கைடம்மாவுக்கு எண்ணிக்கை சரியா இருக்கணும்ல?"

கைப்பிடியில் இருந்த அவர் வலக்கையைப் பார்த்தேன். நடுவிரல் மூட்டு கிழிந்து வீங்கியிருந்தது. சட்டையின் கை முனையில் ரத்தம். அது அவர் விரலில் இருந்து வந்த அளவு இல்லை.

சைக்கிளைத் திருப்பினேன். மாஸ்டர் தன் சைக்கிளை எனக்குக் குறுக்கே தள்ளினார்.

"நீங்க எதுக்கு? இவங்களக் கூட்டிட்டுப் போங்க. என் பொண்டாட்டிய நான் கூட்டிட்டு வரேன்."

"தள்ளுங்க மாஸ்டர்."

"குடும்ப விஷயம்மா."

தபால்காரர் பக்கவாட்டில் நழுவிப் போகப் பார்த்தார். மாஸ்டர் திரும்பாமலேயே முழங்கையால் அவர் மார்பில் இடித்தார். அந்தப் பெரியவர் சைக்கிளோடு தடுப்புக் கம்பியில் போய் மோதினார். கம்பி அதிர்ந்த சத்தத்தில் வாத்துகள் எழும்பிப் பறந்தன. பேங்க்காரர்கள் மூவரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள். அந்த இடைவெளியில் நான் புகுந்தேன். மாஸ்டர் என் பின்கேரியரைப் பிடித்து இழுத்தான். தாரில் விழுந்து முழங்கால் தோல் உரிந்தது. எழுந்து ஏறினேன். இரண்டாவது முறை அவன் கை நீண்டபோது தையல்காரம்மா தன் சைக்கிளைத் தூக்கி அவன் காலில் போட்டுவிட்டார்.

"போம்மா! நிக்காத, போ!"

அந்தப் பாதையில் நான் அவ்வளவு வேகமாக மிதித்ததில்லை. கடவுளே, உயிரோடு இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும். வேறு வார்த்தை வரவில்லை.

திரும்பிப் போகும் வழியில், மேடை வருவதற்குச் சற்று முன்னால் நாணல் அடர்ந்த ஒரு வளைவு. பாதை நடுவில் ஹெல்மெட் கிடந்தது. பட்டை அறுந்து, உள்பஞ்சு சிவப்பாக நனைந்திருந்தது. அவள் சைக்கிள் கரையோரம் சாய்த்து நிறுத்தி இருந்தது. விழுந்த சைக்கிள் அப்படி நிற்காது. பின்சக்கரத்தில் வால்வு மூடி இல்லை. அவளையும் தன்னையும் பின்தங்க வைக்க, மேடையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்கும்படி தளர்த்தி வைத்திருக்கிறான். தபால்காரர் கதைக்கு அவள் சிரித்த ஒரு சிரிப்புக்காக.

அவள் கீழே, தண்ணீர் ஓரத்துப் பாறைக் கற்களின் மேல் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே ஏரிக்குள் இருந்தது. இடப்புருவம் பிளந்து, கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரு நீல வீக்கம். உதடு பல்லில் குத்தி இரண்டாகியிருந்தது. இடக்கை முழங்கைக்குக் கீழே வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தது. சின்னச் சின்ன அலை வந்து காது வரை ஏறி இறங்கியது. ஒவ்வொன்றும் ரோஸ் நிறமாகத் திரும்பிப் போனது.

சறுக்கிக்கொண்டு இறங்கி அவள் தலையை மடியில் எடுத்து வைத்தேன். மூச்சு இருந்தது.

"விழுந்துட்டேன்" என்றாள். வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் வந்தன. "சைக்கிள் கீறிருச்சா? அவரு கோவிச்சுக்குவாரு."

"ஒண்ணும் ஆகல. பேசாத."

"நான் சிரிச்சிருக்கக் கூடாதுங்க."

மேலே சைக்கிள் விழும் சத்தம். அவன் வந்துவிட்டான். எங்கள் சைக்கிள்களில் இருக்கைக்குக் கீழே ஒரு சங்கிலிப் பூட்டு சுற்றியிருக்கும். அதைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கினான். முகத்தில் மட்டும் அதே சிரிப்பு.

"என்னடா கண்ணு, விழுந்துட்டியா? வா, எந்திரி."

சொல்லிக்கொண்டே உடைந்த கையையே பிடித்துத் தூக்கினான். அவள் அலறிய அலறலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் மணிக்கட்டைக் கடித்தேன். ஆமாம், கடித்தேன். அவன் கையை விட்டான். சங்கிலி என் தோளில் இறங்கியது. பழைய எலும்பு முறிவு இருந்த அதே தோள். அடுத்த அடி காதோரம். உலகம் முழுக்க ஒரே ரீங்காரமாகி, வாயில் இரும்புச் சுவை வந்தது. அவள் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். முதுகில் இரண்டு அடி. மூன்றாவதுக்குக் கையை ஓங்கியபோது பாசிக் கல்லில் அவன் கால் வழுக்கியது.

முகம் குப்புற விழுந்தான். நெற்றி கல்லில் மோதிய சத்தம் கேட்டது. முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீர். அவன் எழவில்லை. முகத்தைச் சுற்றிக் குமிழிகள் வந்தன.

என் பக்கத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு கல். எப்போது எடுத்தேன் என்று தெரியாது. இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கியிருந்தேன். அவன் பிடரி எனக்கு நேர் கீழே இருந்தது. போடு, போடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. இன்னொன்றும் தெரிந்தது. போடக்கூட வேண்டாம், சும்மா நின்றால் போதும். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பெண் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை, தடுக்கவில்லை. கையை ஓங்கி நிற்கும் ஒருவரைக் கீழே கிடந்தபடி பார்த்துப் பழகிய கண் அது. அந்தக் கண்ணுக்கு முன்னால் நான் யார் மாதிரி நிற்கிறேன் என்று எனக்குப் பட்டது.

கல்லைப் பின்னால் எறிந்தேன். அவன் காலரைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்கு வெளியே இழுத்தேன். ஒரு வாய் தண்ணீரைக் கக்கிவிட்டு இருமினான். இருமி முடித்ததும் முதல் வேலையாக என் தொண்டையைப் பிடித்தான்.

இதற்காகவா இழுத்தேன் என்று அந்த நேரத்தில் கடவுளைக் கேட்டதை மறைக்க மாட்டேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு தொண்டையிலிருந்து பிடி கழன்றது. தபால்காரர், நெற்றியில் ரத்தம் வழிய, அவன் கழுத்தைப் பின்னாலிருந்து வளைத்திருந்தார். பேங்க்காரர்கள் இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். காசாளர் ஓடி வந்த வேகத்தில் நிற்க முடியாமல் அவன் கால்மேலேயே உட்கார்ந்துவிட்டார். எலும்பு நொறுங்கியவன் போல அவன் கத்தினான்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார் காசாளர் மூச்சு வாங்க. "அசையாதீங்க சார். நான் நூத்திப் பத்து கிலோ சார்."

அவனை மேலே பாதைக்கு இழுத்து, அவன் கொண்டு வந்த சங்கிலியாலேயே தடுப்புக் கம்பியில் கட்டினார்கள். அங்கேயும் காசாளர் அவன் கால்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். தபால்காரர் போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் சைக்கிள் நிலையத்துக்கும் போன் செய்தார்.

அவள் முதுகில் அடி பட்டிருக்குமோ என்ற பயத்தில் மேலே தூக்கவில்லை. தண்ணீரிலிருந்து மட்டும் மெதுவாக இழுத்து ஒரு சரிவில் படுக்க வைத்தோம். பேங்க்காரர்கள் தங்கள் மேல்சட்டைகளைக் கழற்றிப் போர்த்தினார்கள். அவளுடைய சட்டை இடத்தோளிலிருந்து மார்பு வரை கிழிந்து தொங்கியது. இத்தனை ஆண்கள் நடுவில் நல்ல கையால் அதை இழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரம்மா இடுப்புப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். ஊசியில் நூல் கோத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கைய எடும்மா. தைச்சுடறேன்."

"குத்திடும்."

"குத்தாது. போட்டிருக்கிறவங்க மேலேயே வெச்சுத் தைச்சுப் பழக்கம். கல்யாணப் பொண்ணுங்க மேடை ஏறுற நிமிஷத்துல கிழிச்சுட்டு வந்து நிப்பாங்க."

துணியைப் பொருத்தும்போது தோளில் பழைய தழும்புகள் தெரிந்தன. வட்டமாகச் சில, நீளமாகச் சில. நான் பார்த்தேன், தையல்காரம்மாவும் பார்த்தார். தையலை இன்னும் நெருக்கமாகப் போட ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

மேலே அவன் தண்ணீர் கேட்டான். யாரும் அசையவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது நான் என் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

"பைத்தியமா உங்களுக்கு?" என்றார் தபால்காரர்.

அவன் மேல் இரக்கம் வந்து நான் போகவில்லை. கல்லைத் தூக்கிய கைக்கு வேறு ஒரு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. வாயருகே பாட்டிலைப் பிடித்தேன். குடித்தான். கடைசி வாயை என் முகத்தில் துப்பினான். துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

போன் அடித்தது. முதலாளியம்மா.

"விழுந்துட்டாங்கன்னு சொல்லு. அந்தம்மாவே அப்படித்தான் சொல்றாங்களாமே? மணி, எண்ணிக்கை அதெல்லாம் வாயைத் திறக்காத. ஆளை விட்டுட்டுப் போனோம்னு தெரிஞ்சா பாதையில ஓட்டற அனுமதியே போயிடும். உனக்கும் வேலை போயிடும், புரியுதா?"

புரிந்தது. ஆம்புலன்சும் போலீஸ் வண்டியும் அந்தப் பாதையில் மெதுவாக ஊர்ந்து வந்தன. இறங்கிய போலீஸ்காரம்மா நேரே அவளிடம் வந்து குனிந்தார்.

"என்னம்மா நடந்தது?"

மேலேயிருந்து அவன் குரல் நிதானமாக வந்தது. "சொல்லு கண்ணு. விழுந்ததைச் சொல்லு. வீட்டுக்குப் போகணும்ல?"

"விழுந்துட்டேன்" என்றாள். மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பது போல.

போலீஸ்காரம்மா பெருமூச்சு விட்டு நிமிர்ந்தார். என் தோளில் சங்கிலிக் கண்ணிகள் பதிந்திருந்ததைப் பார்த்தார். "உங்களை அடிச்சதுக்கு உள்ள போடலாம். நாலு நாள்ல வெளிய வந்துருவான். இந்தம்மா பேசலேன்னா மறுபடி இவங்க வீட்டுக்குத்தான் போவான்." பிறகு நோட்டைத் திறந்தார். "நீங்க சொல்லுங்க. என்ன ஆச்சு?"

நாலு நாள். அவன் அந்த வீட்டுக்குத் திரும்பினால் அடுத்த தடவை ஏரிக்கரை இருக்காது, தையல்காரம்மாவின் காது இருக்காது. அவளுக்கும் அது தெரியும். இருந்தும் பயம் அவள் வாயை அடைத்திருந்தது. அவளிடம் "பயப்படாதே, உண்மையைச் சொல்" என்று உபதேசிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. போனை அணைத்துப் பையில் போட்டேன்.

"தப்பு முதல்ல என்னோடதுங்க" என்றேன். "நான் மணியை எண்ணுவேன், ஆளைத் திரும்பிப் பாக்க மாட்டேன். மூணாவது கல்லுலயும் நாலாவது கல்லுலயும் ஏழுன்னு எண்ணினேன். இருந்தது ஆறு பேர். இந்தப் பொண்ணு கால்மணி நேரம் தண்ணியில கிடந்திருக்கா. காலையில கொட்டகையில அந்தாளு இவ தாடையைக் கிளிப்பு கடிக்க விட்டுக் கதை சொன்னான். நான் சிரிச்சேன். கடைசி இடத்தை அவன் கேட்டப்ப நான்தான் குடுத்தேன். அப்புறம் அவன் தண்ணியில விழுந்தப்ப மண்டையில போடக் கல்லைத் தூக்கினேன். அதையும் எழுதிக்குங்க."

போலீஸ்காரம்மாவின் பேனா நின்றது. "கடைசியா சொன்னதை யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமாங்க. நடந்தது அதான்."

தையல்காரம்மாவின் ஊசி துணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என்னையே பார்த்தாள். தனக்கே கெடுதல் வரும் என்று தெரிந்தும் ஒருத்தி வாயைத் திறந்து நடந்ததைச் சொல்வதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லையோ என்னவோ.

"விழல" என்றாள்.

காற்றில்லாத குரல். போலீஸ்காரம்மா மறுபடி குனிந்தார். "என்னம்மா?"

"நான் விழல. அவரு அடிச்சாரு." உதடு ஒத்துழைக்காமல் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "முதல்ல ஹெல்மெட்டைப் பிடிச்சு, தலையை அந்தக் கம்பியில... மூணு தடவை. அப்புறம் கைய மடக்கினாரு. சத்தம் போட்டேன். உருட்டி விட்டாரு. இப்படியே கிட, வரும்போது எடுத்துக்கறேன்னு சொன்னாரு. இது மொத தடவை இல்லங்க. எட்டு வருஷம்."

மேலே அவன் வெடித்தான். அதுவரை வாயில் வராத வார்த்தைகள் எல்லாம் வந்தன. அவளைக் கொன்று இதே ஏரியில் போடுவேன் என்றான். தடுப்புக் கம்பி ஆடியது, சங்கிலி இழுபட்டு மணிக்கட்டில் ரத்தம் கசிந்தது. கால்மேல் இருந்த காசாளரையும் சேர்த்து நகர்த்தும் அளவுக்குத் திமிறினான். இரண்டு போலீஸ்காரர்கள் ஏறிப் போனார்கள்.

போலீஸ்காரம்மா ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். கொன்று போடுவேன் என்றதையும் எழுதிக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சரில் அவளைப் பாதைக்குத் தூக்கி வந்தார்கள். ஆம்புலன்ஸ்காரர் கதவருகே நின்று கேட்டார்.

"கூட ஒருத்தர் வரலாம். சொந்தக்காரங்க யாரு?"

"நான்தான்டா புருஷன்!" என்று கம்பியருகிலிருந்து கத்தினான்.

அவள் கண் மூடியிருந்தது. தையல்காரம்மா ஸ்ட்ரெச்சரோடு ஒட்டிக்கொண்டே நடந்து வந்திருந்தார். தையல் முடியவில்லை. அவர் விரலிடுக்கில் ஊசி, அதிலிருந்து நூல் அந்தப் பெண்ணின் தோள்வரை.

"அம்மா, நீங்க யாரு? விலகுங்க" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

"இரு தம்பி, ரெண்டு தையல் பாக்கி. ஏறி உட்கார்ந்து போடறேன்."

"சொந்தமா?"

தையல்காரம்மா திணறினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. நூலை வாயருகே கொண்டுபோனார், கடித்து அறுத்துவிட்டு விலகத்தான்.

அந்தப் பெண்ணின் நல்ல கை போர்வைக்கு வெளியே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"அக்கா" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "என் அக்கா."

ஆம்புலன்ஸ்காரர் நூலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கம்பியருகே கத்திக்கொண்டிருந்தவனையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு தையல்காரம்மா ஏறுவதற்குத் தன் தோளைக் கொடுத்தார்.